யாரும் கேட்காத பல் செட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் நீ, "மூச்சு விட்டுப் பேசுடி" என்றாய். அதனால் எழுதுகிறேன். ஐந்து நாளாக இரண்டு மணி நேரத் தூக்கம்தான், களைப்பே இல்லை. கிளினிக்கின் பின்னறையில் பதினொரு பல் செட் செய்து அடுக்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் வருகிறவர்களின் வாயைப் பார்த்தே அளவு பிடித்துவிட்டேன். பல் டாக்டர், "இதையெல்லாம் யாருக்கு மாட்டறது?" என்றார். அவருக்கு என் வேகம் புரியவில்லை. நாளை வேலையை விடுகிறேன். சொந்தமாகத் தொழிற்சாலை, நீதான் மேலாளர். உன் பள்ளிக்கூட வேலையை இன்றே ராஜினாமா செய்துவிடு.

உன் வாலு

*

ஏப்ரல் 2

என் வாலுக்கு,

என்னைப் பார்க்க மாட்டேன் என்று நீ சொன்னதாக வார்டு நர்ஸ் சொன்னார். அதனால் இந்தக் கடிதம். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான், மறைக்கவில்லை. மனநல மருத்துவர் 'பைபோலார்' என்றார். இப்போது தூங்காமல் பறந்ததும், போன வருடம் மூன்று மாதம் கட்டிலை விட்டு எழாமல் கிடந்ததும் ஒரே நோய்தானாம். அந்த மூன்று மாதமும் உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். அவரிடம் அதையும் சொன்னேன். "நிறைய வீட்ல அப்படித்தாம்மா நினைக்கிறாங்க" என்றார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

கோபம் தீரும்வரை பேச வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்து இருபது நாள். குளித்து நான்கு நாள். பல் செய்கிறவள் பல் தேய்க்கவில்லை. சோகம் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒன்றுமே இல்லை. நேற்று, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. உடனே மனநல டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வரச்சொல்லிப் பார்த்து மருந்தை மாற்றியிருக்கிறார். கூட யாராவது இருக்க வேண்டும் என்கிறார்.

நீ கையெழுத்துப் போட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் வந்து இரு.

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

மறுபடி கிளினிக்கில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. மாத்திரையால் கை லேசாக நடுங்கியது. டாக்டர் அளவைக் குறைத்தபின் மெழுகில் பல் செதுக்க வருகிறது. நேற்று ஒரு பெரியவர் புதுப் பல்லோடு கண்ணாடி பார்த்து, "இது என் தம்பியில்ல? நான் எங்க போனேன்?" என்றார். நானும் பல் டாக்டரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன்னிடம் போனில் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. உடனே, "எவ்வளவு நேரம் தூங்கினே?" என்றாய்.

ஏழு மணி நேரம்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. சிரித்து முடித்ததும் நானே என்னைச் சந்தேகப்பட்டுத்தான் பார்க்கிறேன். படிவ விஷயத்தில் இனி உன்மேல் கோபமில்லை. மறுபடி எனக்கு அப்படி வந்தால் மறுபடி கையெழுத்துப் போடு. கேள்வி கேட்பதையும் விடாதே. ஆனால் நான் ஏதாவது நல்லது சொன்னால், முதலில் சிரித்துவிட்டு அப்புறம் கேள்.

உன் வாலு