லாரிக் கண்ணாடியில் உன் படம்

தோணிரேவு
12.3.1995, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கேசவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் அக்கா கஸ்தூரியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் உன் காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். டெலிபோன் பூத்தில் இருந்து பேசலாம்தான், ஆனால் அங்கே எனக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நின்று காது கொடுக்கிறார்கள், அதில் பாதிப் பேர் நம் தெருக்காரர்கள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு விட்ட கை, எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படித்துக்கொள்.

இந்த வருடம் முகத்துவாரம் இன்னும் அடைபடவில்லை, கடல் தண்ணீர் வந்து போய்க்கொண்டிருப்பதால் ஏரியில் இறால் நல்ல பருமனாகக் கிடைக்கிறது, காலையில் இடுப்புத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவினால் வெயில் ஏறுவதற்குள் பறிக்கூடை நிறைந்துவிடுகிறது. கஸ்தூரிக்கு ஏழாம் மாதம், வாந்தியெல்லாம் நின்றுவிட்டது, இப்போது புளிப்பு மாங்காய் கேட்டுத்தான் உயிரை எடுக்கிறாள், மாப்பிள்ளை பொன்னேரியில் இருந்து வாரம் தவறாமல் வாங்கி வருகிறார். நைனாவுக்கு முதுகுவலி போன மாதம் இருந்தது, இப்போது இல்லை, ஏன் இல்லை என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை இறால் விற்கப் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். கொச்சியில் இருந்து இறால் ஏற்ற வரும் லாரி வழக்கம்போல டச்சுக் கல்லறை மதிலோரம் நின்றிருந்தது, டிரைவர் மட்டும் புதியவன், மொய்து என்று பெயர், உன் கிளப் இருக்கிற கோழிக்கோட்டுக்காரன், நாற்பது வயது இருக்கும். நான் பறியோடு முன்பக்கமாகச் சுற்றி வரும்போது லாரிக் கண்ணாடியில் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. பேப்பரில் இருந்து வெட்டிய படம். சாமி படமாக இருக்கும் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீதான், கண்ணு. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து யாருக்கோ ஏதோ கத்திக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் தெரிய இருந்தாய். நீ அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வேண்டும் என்பதைக்கூட மெதுவாகக் கேட்கிற பிள்ளை நீ.

எனக்கு உடனே பயம்தான் வந்தது. பேப்பரில் படம் வந்திருக்கிறதே, மறுபடியும் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அதனால் நான் யார் என்று சொல்லாமல், இது யாரு, இன்னா ஆச்சு இவனுக்கு என்று கேட்டேன். மொய்து என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா அம்மே, உங்க ஊர்க்காரன், உங்களுக்கே அறியில்லையா, இவன் எங்க ரைட் பேக்கு" என்றான். அடியில் மலையாளத்தில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினான், பழவேற்காட்டுக் கேசவன், இந்த வருடத்தின் சிறந்த காவல் என்று எழுதியிருந்ததாம். காலுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பறியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே மதிலில் சாய்ந்துகொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இத்தனை மாதமாக இங்கே எல்லோரும் என்னைக் கேட்கிற கேள்வி, "உம் புள்ள எத்தினி கோல் போட்டான்?" என்பதுதான். நான் தெரியாது என்பேன். நீயும் கடிதத்தில் நன்றாக ஆடுகிறேன் என்று ஒரு வரியோடு விட்டுவிடுவாய். அதனால் மொய்துவிடம் அதையே கேட்டேன். "ஒண்ணு கூட இல்ல" என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் சிரித்துவிட்டு, "அம்மே, கோல் போடறதுக்கு வேற ஆள் இருக்கு, இவன் சோலி கோல் விழாம பாக்கறது. பதினேழு ஆட்டம் ஆயிடுச்சு, இவன் பக்கமா வந்து விழுந்தது ஒரே ஒரு கோல்" என்றான். அதோடு விட்டானா, அப்படியும் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, டீக்கடையில் இருந்து கல்லறை மதில் வரைக்கும் ஓடிக் காட்டினான். பந்து நம்மிடம் இருந்தால் கேசவன் இவ்வளவு தூரம் முன்னால் ஓடுவான், பந்து போய்விட்டால் அதே தூரம் திரும்பி ஓடுவான், ஒரு ஆட்டத்தில் இப்படி நூறு தடவை என்று மூச்சு வாங்கச் சொன்னான். இறால் எடை போடுகிறவர், ஐஸ் உருகுதுப்பா, வந்து ஏத்து என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவன் காதில் வாங்கவில்லை.

ஜனவரியில் நடந்த ஒரு ஆட்டத்தைச் சொன்னான். ஒருவருக்கும் கோல் விழாமல் முடியப் போகிற நேரம், நம் ஆட்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்களாம், எதிராளி ஒருவன் பந்தோடு தனியாக ஓடி வந்து, கோல்கீப்பரையும் தாண்டிவிட்டானாம். மூங்கில் கேலரியில் இருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நீ அந்த மூலையில் இருந்து ஓடி வந்து, கோல் கோட்டுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டே போய், அவன்மேல் விரல்கூடப் படாமல் பந்தை மட்டும் வெளியே தட்டினாயாமே. பத்தாயிரம் பேர் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள் என்றான். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்றான். அதைச் சொல்லும்போதே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் என்ன, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்போது நம் தெரு இருசம்மாள்தான் சுற்றி நின்ற கூட்டத்தில் இருந்து, "யோவ், இவதான்யா அவன் அம்மா" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மனிதன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துவிட்டான். அப்புறம் மெதுவாக, "போன வருஷம் இவன் சறுக்கி விழுந்து கோல் போனப்ப, தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போடான்னு கேலரியில கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன், அம்மே. அதே ஆட்டத்துல கால் ஒடிஞ்சதுனு மறுநாள்தான் அறிஞ்சேன்" என்றான். அதுக்கு இன்னா பண்றது, ஆட்டம் பாத்தா கத்தத்தான் செய்வாங்க என்றேன். மனசுக்குள் இருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கியது, அது அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியாது. அந்தப் படத்தைக் கொடுப்பாயா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு, "அது மட்டும் கேக்காதீங்க, அதை ஒட்டினதுக்கப்புறம் நம்ம டீம் தோக்கலை" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

இருசம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் நீ கட்டோடு படுத்திருந்தபோது, இனிமே ஓடத்துல நின்னு கழி ஊணக்கூட அவனுக்குக் கால் நிக்காது என்று தெருவில் சொன்னவள் அவள். வியாழக்கிழமை அதே வாயால், நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ள என்று மொய்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நீயும் மனசில் வைத்துக்கொள்ளாதே.

நைனாவைப் பற்றிக் கேள். சாயங்காலம் நான் சொன்னதை எல்லாம் வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். லாரி மறுநாளும் சரக்குக்காக நிற்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே போய் அரைமணி நேரம் லாரிக்குப் பக்கத்தில் சும்மா நின்றாராம். கடைசியில் மொய்துவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார், "கால் நோவுதுனு எப்பனா நடுவுல உக்காந்தானா?" என்று. அவன், ஒரு நிமிஷம் கூட இல்லை, பதினேழு ஆட்டமும் முழுக்க ஆடினான் என்றானாம். வீட்டுக்கு வந்தவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். நீ போனதில் இருந்து அந்த மனிதன் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. எழுந்து முதுகை நெட்டி முறித்து, வலி இன்னாவோ போயிடுச்சு என்றார்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும், படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாலும் சரி. போன ஆகஸ்டில் கிளப்பில் இருந்து உனக்கு வந்த கடிதம், நான் உன் கையில் கொடுத்த அன்றைக்கு வந்தது இல்லை. ஒன்பது நாள் முன்னாலேயே வந்துவிட்டது. நீ நைனாவோடு புத்தூருக்குக் கட்டுப் பிரிக்கப் போயிருந்தாய், தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார். தமிழில்தான் எழுதியிருந்தார்கள், பிரித்துப் படித்தேன். மாதக் கடைசிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். எலும்பை இழுத்துக் கட்டும்போது நீ போட்ட சத்தத்தை நான் வெளியே நின்று கேட்டவள், கண்ணு. மாதம் முடிந்தால் நீ போக முடியாது, ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாய், கண் எதிரிலேயே இருப்பாய் என்று நினைத்தேன். நீ தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாய். ஒன்றும் இல்லை என்றதும் ஏரிப் பக்கம் போய்விடுவாய். ஒன்பதாம் நாள் நான் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தேன், நீ கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாய். விழுந்தாய். எழுந்தாய். மறுபடியும் விழுந்தாய். நான் இருப்பது உனக்குத் தெரியாது. சேற்றில் உட்கார்ந்து காலைக் கையால் நாலு அடி அடித்துவிட்டு மறுபடி எழுந்து ஓடினாய். நான் அப்படியே பறியோடு வீட்டுக்கு வந்து கடிதத்தை எடுத்தேன். இப்பதான் வந்துச்சு என்று சொல்லிக் கொடுத்தேன். நீ அன்றைக்குச் சாயங்காலமே ரயிலேறிவிட்டாய்.

உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும் என்பது நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ கட்டாயம் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் கேட்காமல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாயா என்று இந்த ஏழு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ தோற்று வந்தால் கடிதத்தை மறைத்த நான்தான் காரணம், கால் ஒடிந்து வந்தாலும் அதைக் கொடுத்து உன்னை அனுப்பிய நான்தான் காரணம் என்று இரண்டு பக்கமும் பயந்துகொண்டிருந்தவளுக்கு வியாழக்கிழமைதான் மூச்சு சீராக வந்தது. நைனாவிடம் நேற்றுச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், எனக்கும் அப்ப குடுத்திருக்க மனசு வந்திருக்காது என்றார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இன்றைக்கு உன் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்கள் நாளைக்கு ஒரு தடவை சறுக்கினால் வேறு மாதிரி கத்துவார்கள், மொய்துவே அதற்குச் சாட்சி, இரண்டையும் ஒரே மாதிரி கேட்டுக்கொள். ஆட்டம் முடிந்து வந்து வெந்நீரில் காலை வைக்க மறக்காதே. முட்டை சாப்பிடு. இறால் பொடி ஒரு டப்பா இடித்து வைத்திருக்கிறேன், உன் அறையில் இருக்கிற பையனுக்கும் கொடு, டப்பாவை இறுக்கி மூடு, இல்லாவிட்டால் அறை முழுக்க வாசனை அடிக்கும்.

அந்த டப்பாவை நாங்களே கொண்டு வருகிறோம். 26ஆம் தேதி உங்கள் கடைசி ஆட்டம் என்று மொய்து சொன்னான். 23ஆம் தேதி லாரி வருகிறது, எங்கள் இரண்டு பேரையும் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாகவும், கொச்சியில் சரக்கை இறக்கிவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் அவனே கோழிக்கோட்டுக்கு அழைத்து வருவதாகவும் சொல்லியிருக்கிறான். நாங்கள் திரும்பி வரும் வரைக்கும் கஸ்தூரியோடு அவள் மாமியார் இருப்பார். சென்னைக்குத் தெற்கே போயிராத உன் நைனா இப்போதே பையில் துணியை மடித்து வைத்துவிட்டார்.

நம் அம்மன் உன் கூடவே ஓடி வந்து உன்னைக் காப்பாற்றட்டும். நீ எடுத்த பெயர் நிலைக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே இரண்டு வரி பதில் போடு. முக்கியமாக ஒன்று எழுது, நாங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் உன்னைக் கிட்டத்தில் பார்க்கலாம்? பாதி ஆட்டத்துக்கு அப்புறம் நீ எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவாய் என்று மொய்து சொல்கிறான். அப்போது நாங்களும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாமா, விடுவார்களா என்று உன் நைனா கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
து. லோகாம்பாள்