மாப்பிள்ளைக்காக மாட்டிய காது மிஷின்

என் தங்கமே, பால் கவரைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போட்ட என் அம்மாவே,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் எழுதுகிறேன். இருந்தபோது காது கேட்கவில்லை, இப்போது படிக்கத் தெரியவில்லை என்று நீ தப்பித்துக்கொள்ள முடியாது. படிக்கத் தெரிந்த நாலு பேர் படிக்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதை யார் கேட்டாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

உன் காரியம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் இன்னும் அடி அண்ணாமலையில் உன் வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி நன்றாக இருக்கிறான். அவன் பொண்டாட்டி மீனா உன் குக்கரில்தான் சமைக்கிறாள். ரப்பர் வளையத்தை ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவி ஆணியில் மாட்டுகிறாள். இதற்காக உன்னோடு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்? இப்போது நான் வளையத்தைக் கழுவாமல் வைத்தால் என்னை முறைக்கிறாள். இருபது வருஷத்துக் குக்கர், இன்றைக்கும் விசில் பிசகாமல் வருகிறது.

அந்த விஷயத்தில் உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதை வாயால் சொல்லாமல் செய்து காட்டியவள் நீ. தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டினாய். கிழிந்த நைட்டியைக் கரித்துணியாக்கினாய். ஆனால் வாங்குவதென்றால் மட்டமானதைத் தொட மாட்டாய். "கம்மி வெலைக்கு நாலு தபா வாங்கறதுக்கு நல்லதா ஒரு தபா வாங்குடி. வாங்கிட்டு கண்ணு மாதிரி பாத்துக்க" என்பாய். மிக்ஸிக்குப் பழைய துண்டில் சட்டை. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர். என் பி.ஏ. சான்றிதழுக்கு லேமினேஷன். விலை ஜாஸ்தி என்றால் உனக்குப் பாசமும் ஜாஸ்தி. பாசம் முற்றிவிட்டால் அந்தப் பொருள் பீரோவுக்குள் போய்விடும்.

முந்தாநாள் தம்பி அந்தப் பீரோவைத் திறந்தான். பட்டுப்புடவைக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, டப்பாவுக்குள் உன் காது மிஷின் இருந்தது. வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு கீறல் இல்லை. பேட்டரி அட்டை நாலு அப்படியே பிரிக்காமல் கிடந்தது.

தம்பி அதை எடுத்துக்கொண்டு டவுனில் வாங்கின கடைக்கே போனான். காதுக்குள் போகிற அச்சு உன் காதுக்கென்றே எடுத்ததாம், வேறு யாருக்கும் பொருந்தாதாம். மிஷினும் பழைய மாடலாம். "புதுசு மாதிரி வச்சிருக்காங்களே, போட்டுக்கவே இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டாராம். தம்பி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தவன் அவன்தானே?

போட்டுக்கொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டாய். கோயிலுக்கு ஒரு தடவை போட்டாய். செங்கம் ரோட்டு விடுதியில் அறை பெருக்கப் போகும்போது போட்டுக்கச் சொன்னதற்கு, "வெள்ளக்காரங்க பேசறது கேட்டா மட்டும் இன்னா புரியப் போவுது?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தாய். தவறாமல் நீ மாட்டிக்கொண்டது ஒரே ஒருவருக்காகத்தான். உன் மாப்பிள்ளைக்காக.

அவர் பைக் சத்தம் உனக்குக் கேட்காது. தெருமுனையில் பார்த்துவிட்டு மீனா ஓடி வந்து சொல்வாள். நீ கை கழுவி, துடைத்து, பீரோ திறந்து, மிஷினை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாய். அவர் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் உனக்குக் கேட்கும். "அத்த, உங்க பொண்ண உள்ளங்கைல வச்சுத் தாங்குறேன். வெளிய ஒரு அடி எடுத்து வைக்க வேணாம், எல்லாம் நானே வாங்கியாந்து போட்டுர்றேன்" என்பார். நீ பூரித்துப்போவாய். அடுத்த நாள் தெருவே அதைத் தெரிந்துகொள்ளும்.

உள்ளங்கை எப்படி இருக்கும் தெரியுமா, அம்மா? ராணிப்பேட்டையில் மூன்றாவது மாடி. காலையில் அவர் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசல் கம்பிக் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். சாயந்திரம் வந்து திறப்பார். "காலம் கெட்டுக் கெடக்குது, உன் நல்லதுக்குத்தான்" என்பார். போனில் நான் தம்பியோடு பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். பைக்கைத் தினமும் துடைப்பார். முதல் இரண்டு வருஷம் எனக்கும் இது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பதினோரு வருஷமாக அந்தக் கேட்டுக்கு உள்ளேயேதான் இருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் வீட்டில் கேஸ் நாற்றம் அடித்தது. சிலிண்டரை மூடினேன், குழாயில் எங்கோ கசிந்து வீடெல்லாம் பரவியிருந்தது. கேட்டைப் பிடித்து ஆட்டிக் கத்தினேன். கீழ்வீட்டு அம்மா அவருக்குப் போன் செய்தார். சாவி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை ஜன்னல் கம்பிக்கு நடுவே மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, "ஒண்ணும் ஆவலல்ல?" என்றார். அன்றைக்கே கடையில் இருப்பதிலேயே நல்ல கேஸ் குழாயாக வாங்கி வந்து மாட்டினார். மறுநாள் காலை வழக்கம்போலப் பூட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வந்த பௌர்ணமிக்கு அவரே என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். ஞாபகம் இருக்கிறதா? ஒரு ராத்திரி இருந்துவிட்டு வரலாம் என்று உத்தரவு. பைக் திரும்பியதும் நீ மிஷினைக் கழட்டித் துடைத்து டப்பாவில் வைத்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "ம்மா, மிஷின மாட்டிக்கம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று சைகை காட்டினேன்.

"உன் பேச்சுக்கு இன்னாத்துக்குடி மிஷினு? நீ இன்னா வேத்தாளா? பேட்டரி வீணாப் பூடும். சத்தமாச் சொல்லு" என்றாய்.

சத்தமாக எப்படிச் சொல்வேன்? கிரிவலக் கூட்டம் தெருவில் போய்க்கொண்டே இருந்தது. நம் வாசற்படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் தெருவுக்கே சொல்ல வேண்டும். என் புருஷன் என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறார், நான் திரும்பிப் போக மாட்டேன் என்பதை அத்தனை பேர் நடுவில் கத்த எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அது மட்டும் உனக்குக் கேட்டுவிட்டது போலத் தலையாட்டினாய். "மாப்ள உன்ன பத்திரமா வச்சிருக்காரு. அது எத்தினி பொண்ணுங்களுக்குக் கெடைக்கும்?" என்று என் தலையைத் தடவினாய். மறுநாள் அவர் வந்தார். நீ மிஷினை மாட்டிக்கொண்டாய். நான் பைக்கில் ஏறினேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அம்மா. அவருக்குக் கொடுத்த காதை எனக்கு ஏன் கொடுக்கவில்லை? சொந்தப் பொண்ணு பேச்சு பழைய பேச்சு, அதற்குப் பழைய காது போதும் என்று நினைத்தாயா? இரு, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கையைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். டப்பாவைப் பிடுங்கி நானே உன் காதில் மாட்டியிருக்கலாம். செய்யவில்லை. சொல்லாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, மிஷினை எடுத்துக்கொள்ளலாமா என்று மீனா கேட்டாளாம். "அங்க எவனாவது சுட்டுனு பூடுவான், வேணாம்" என்றாயாம். மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தபோது நீ கண் திறக்கவில்லை. உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நான் வந்துட்டேம்மா" என்றேன். கேட்டதா?

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் காரியத்துக்காக என்னை இங்கே விட்டுவைத்தது போதும் என்று, நாளைக்கு லீவு போட்டுவிட்டு அவர் வருகிறார். "பத்து மணிக்கு வரேன், ரெடியா இரு" என்று போனில் சொன்னார். நேற்றே தம்பியிடம் வாயைத் திறந்துவிட்டேன். பூட்டு, சாவி, கேஸ், எல்லாம். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா நல்லவர்தானக்கா. கை நீட்டறது கூட இல்ல. பூட்டு விஷயத்த நான் பேசிப் பாக்கறேன்" என்றான்.

மீனா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "உங்கள ஒரு நாளு உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன், இருப்பீங்களா?" என்றாள்.

தம்பி எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவனையும் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு அறை வீடு, சின்னக் குழந்தை, ஊர் வாய். அந்தக் கேட்டிலிருந்து வந்து இந்த வீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வதும் இன்னொரு பூட்டுதானோ என்று இருந்தது.

இன்று காலை செங்கம் ரோட்டுக்குத் தனியாகப் போனேன். ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாதி வழியில் இறங்கி மீதியை நடந்தேன். கூடவே யாரும் வராமல் இப்படி ரோட்டில் நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று! பின்னால் ஹாரன் அடித்த ஒவ்வொரு பைக்கும் அவர்தான் என்று தோன்றியது. உன் விடுதிக்காரம்மா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நீ பார்த்த வேலையை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"டிகிரி படிச்ச பொண்ணு, ரூம் கூட்டறியா?" என்றார்.

"கூட்டறேங்க" என்றேன்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத."

இதை இன்னும் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். அவர் சண்டைக்கு வருவார். ஊரைக் கூட்டுவார். அழுதாலும் அழுவார், அதுதான் எனக்கு ரொம்பப் பயம். நான் நடுங்குவேன். நடுங்கினாலும் வேலையை விட மாட்டேன். ஒரே ஒரு வாக்கு உனக்குத் தருகிறேன், அம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு அவர் வந்து நிற்கும்போது நான் வீட்டுக்குள்ளே இருக்க மாட்டேன்.

உன் பொண்ணு,
சுமதி