பள்ளியின் பெயரில் சீட்டாட்டம்

செவ்வாய், இரவு

கொல்கத்தாவில் நான் நடத்தும் வீணைப் பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் இன்று சீட்டாட்டம் வருகிறது. மாணவி மௌமிதாவின் அம்மாதான் பெஹாலாவிலிருந்து போன் செய்து, வங்காளியில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள்: "தீதி, ரம்மியும் சொல்லித் தருகிறீர்களா?" கூசிப்போனேன்.

அந்த இணையதளப் பெயரைப் பதிவு செய்தது என் கொழுந்தன் ரகு. நியூ டவுனில் ஐ.டி. வேலை. அதனால் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைப்பு. இருப்பதிலேயே மலிவான கம்பெனியைப் பிடித்து, தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டான். அடுத்த வருடக் கட்டணம் பல மடங்கு ஏறும் என்பதைப் படிக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களையும் படிக்கவில்லை. காலாவதியான பெயரை எவனோ வாங்கிக்கொண்டான்.

கேட்டால், "அந்தக் கம்பெனி சரியில்லை மன்னி. வேற எடுத்துக்கலாம். ஒரு பேர்தானே!" என்கிறான்.

ஒரு பேர்தானாம்! அதை நம்பித்தான் ஹவுராவிலிருந்துகூடப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இவன் வீட்டு வாசலில் மட்டும் இவன் பெயர் பித்தளையில் மின்ன வேண்டும்.

சாயங்காலம் நானே உட்கார்ந்து தேடினேன். புதுப்பிக்கும் கட்டணத்தை முதலிலேயே சொல்கிற, கூப்பிட்டால் மனிதர் பேசுகிற ஒரு கம்பெனி கிடைத்தது. பள்ளியின் பெயரோடு கொல்கத்தாவைச் சேர்த்து, என் பெயரில், என் மெயிலில் பதிவு செய்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதற்கா இவனிடம் அத்தனை கெஞ்சல்!

விஷயம் தெரிந்து இப்போது செய்தி அனுப்பியிருக்கிறான்: "பாஸ்வேர்டை அனுப்புங்கோ மன்னி, நான் பார்த்துக்கறேன்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தூக்கத்திலிருந்த இவர், "என்ன?" என்றார்.

"உங்க தம்பி" என்றேன்.