பவுனு நிற்கிற இடம்

1896 ஜூன் 3

ஐடா, நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், உன் அக்காவைப் பொறுத்துக்கொள். குழந்தை சிரில் இப்போதுதான் தூங்கினான். நாட்குறிப்பு எழுதி உனக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இல்லாவிட்டால் இன்றைய நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

பாலகாட் சுரங்கத்துக் கூலிக்காரர் லைன் வீடு ஒன்றில் பிரசவம். நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்து, பக்கத்து வீட்டுக்காரி கொடியை அறுத்துவிட்டாள். தாய் பிழைத்தாள். என்னால் அல்ல. எங்கள் ஆஸ்பத்திரி வண்டியை இழுக்கும் பவுனு, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் பக்கத்தில் மறுபடி நின்றுவிட்டது. கல் மாதிரி. வண்டிக்காரர் ராஜப்பா சாட்டையை வீச வீச, அந்தப் பெண்குதிரை நான்கு காலையும் பதித்துக்கொண்டு நடுங்கியதே தவிர நகரவில்லை. சிரில் பால் குடிக்கிற பிள்ளை, விட்டுவிட்டு வர வழியில்லை. கூடையோடு வண்டிக்குள்தான் கிடந்தான். ஒவ்வொரு அடிக்கும் வண்டி குலுங்கியது. மிரண்டு ஓடினால்? குடை சாய்ந்தால்?

"அடிக்காதீங்க" என்றேன்.

"அடிக்காம? அதுக்கு பைபிள் படிச்சிக் காட்டட்டுமா டாக்டரம்மா?"

சாயங்காலம் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் துரை முடிவாகச் சொல்லிவிட்டார். இம்மாதம் முடியும்வரை பார்ப்பார். பிறகு பவுனுக்கு ஒரு தோட்டா. அதற்கப்புறம் மாட்டு வண்டி. மாட்டு வண்டி பாலகாட் போய்ச் சேர்வதற்குள் பிறக்கிறதும் பிறந்துவிடும், போகிறதும் போய்விடும்.

ஜூன் 6

அன்பாய்ச் செய்து பார்க்கலாமென்று வெல்லம் கொடுத்தேன். தின்றது. என் தோளில் மூக்கை உரசியது. ஷாஃப்ட் பக்கம் போனதும் நின்றது.

ராஜப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "வெல்லமும் போச்சு, நேரமும் போச்சு. பட்டணத்துல இதெல்லாமா சொல்லிக் குடுக்கறாங்க?"

ஜூன் 9

ஒருத்திக்கு உதிரம் நிற்கவில்லை என்று ஆள் வந்தது. பாதி வழியில், அதே ஷாஃப்ட் பக்கத்தில், பவுனு நின்றது. இன்று நானே "அடிங்க" என்று சொல்லிவிட்டேன். அடித்தார். நகரவில்லை. கடைசியில் நான் ஓடித்தான் போனேன்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

ஆராதனைக்குப் போகும்போது கோயிலில் சாவு மணி. ஒன்று அடித்து, வெகுநேரம் விட்டு, இன்னொன்று. முதல் மணிக்கே பவுனு நின்றது. சுற்றுமுற்றும் ஷாஃப்டே இல்லை! ராஜப்பா கடிவாளத்தை உதறி அதட்டினார், நான்கடி போனது. அடுத்த மணி. நின்றது. அதற்குப் பிறகு நான் குதிரையைப் பார்க்கவில்லை, காதால் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு மணி நிற்கிறது!

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். ஷாஃப்ட் வாசலில் மணியோடுதானே அவருக்கு நாள் முழுக்க வேலை?

"ஒரு மணி அடித்தால் என்ன அர்த்தம்?"

"நிறுத்து. ரெண்டு அடித்தால் ஏற்று. இது எதற்கு இப்போது? சோறு போடுகிறாயா இல்லையா?"

போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவராகச் சொன்னார்: இங்கே எஞ்சின் வருவதற்கு முன்னால் குதிரைதான் எஞ்சினாம். செக்குமாடு மாதிரி குதிரையை ஓர் உருளையில் கட்டிச் சுற்றவிடுவார்கள். கயிறு சுற்றிக்கொண்டு வாளியில் கல்லும் ஆளும் மேலே வரும். ஒரு மணி கேட்ட மாத்திரத்தில் குதிரை நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் வாளி கப்பியில் மோதும், ஆள் போய்விடுவான். அதனால் நிற்கிறவரை அடித்து அடித்துப் பழக்குவார்களாம்.

ஐடா, பவுனும் அப்படி உருளை சுற்றிய குதிரையாகத்தான் இருக்க வேண்டும்; அது முரண்டு பிடிக்கவே இல்லை. சொன்னதைக் கேட்டு நின்றிருக்கிறது. அதற்குத்தான் இத்தனை அடி.

ஜூன் 15

ஆஸ்பத்திரிக் கைமணியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். ராஜப்பா பவுனைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். ஒன்று அடித்தேன். நின்றது. ராஜப்பா இழுத்தார், வரவில்லை. இரண்டு அடித்தேன்.

நடந்தது!

ராஜப்பா என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "இன்னாம்மா இது, மந்திரமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது. "குதிரை இழுத்த வாளியில நான் எறங்கியிருக்கேன் டாக்டரம்மா. நாலு வருசம். ஒருவாட்டி வாளி செவுத்துல மாட்டிக்கினு கவுந்திச்சி. ஒரு கையால கயித்தப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால மணிக்கயித்த இழுத்தேன். ஒண்ணு. மேல இருந்த குதிரை அங்கயே நின்னுச்சி." பவுனின் முதுகில் கையை வைத்தார். "எந்தக் குதிரைன்னு நான் ஏறிவந்து பாத்ததே இல்ல. இதுவோ, இன்னொண்ணோ..."

தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார். வாளியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 17

நேற்று ராஜப்பா வேலைக்கு வரவில்லை. இன்று வந்தார், சாட்டை இல்லாமல்.

ஜூன் 22

தினமும் சாயங்காலம் பாடம். ஒரு மணி, நிற்கும், கை நிறையக் கொள்ளு. இரண்டு மணி, நடக்கும், கழுத்தைத் தட்டிக் கொடுப்பார் ராஜப்பா. மணி கேட்டால் முன்பெல்லாம் காது பின்னால் படிந்துவிடும். இப்போது நிமிர்ந்து நிற்கிறது.

டாக்டர் துரை வந்து பார்த்தார். மணியடித்தால் ஓடுகிற குதிரை சர்க்கஸுக்கு ஆகும், ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்கிறார். பாலகாட் ஷாஃப்டைத் தாண்டிக் காட்டட்டும் என்கிறார். அங்கே எந்நேரமும் மணி. இடையில் தங்கக் கல்லை இடிக்கும் ஆலையின் இடி வேறு. கைமணி கேட்குமா? கேட்காவிட்டால்?

ஜூன் 27

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: தாயும் பிள்ளையும் சுகம்.

பாலகாட் லைனில் பாக்கியவதி என்ற பெண்ணுக்குப் பிள்ளையின் கை முன்னால் வந்துவிட்டது என்று அவள் புருஷன் தலைதெறிக்க ஓடி வந்தான். ஓர் உடம்பு, இரண்டு உயிர். கிளம்பினோம். ஷாஃப்ட் பக்கம் ஷிப்ட் மாறுகிற நேரம். ஆலை இடிக்கிறது, மணி மேல் மணி விழுகிறது. ஒன்று, மூன்று, மறுபடி ஒன்று. பவுனு நின்றது. கைமணியை இரண்டு அடித்தேன். என் மணி எனக்கே கேட்கவில்லை! அடித்தேன், அடித்தேன். சிரில் வீறிட்டான். ஷிப்டுக்கு வந்தவர்கள் கூட்டமாய் நின்று வேடிக்கை. "ராஜப்பா, சாட்டை எங்கய்யா? அடமானமா?" "டாக்டரம்மா, நீங்க எறங்கி இழுங்க, அது ஏறி உக்காரும்!"

கூட்டத்தில் ஒருவன் தன் தடியை ராஜப்பாவிடம் நீட்டினான். அவர் கை அதன்மேல் போனதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணையும் நினைத்தேன், ஐடா. எனக்கே தெரியவில்லை நான் எந்தப் பக்கம் என்று.

அவர் தடியை வாங்கி, தரையில் போட்டார். இறங்கி முன்னால் போய் பவுனின் நெற்றியைத் தன் நெற்றியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். இரண்டு விரலால் அதன் கன்னத்தில் தட்டினார். ஒன்று, இரண்டு.

"ஏறிட்டோம் பவுனு. எல்லாரும் மேல வந்துட்டோம். கீழ ஒருத்தனும் இல்ல. வா."

அது ஒரு பெருமூச்சு விட்டது. காலை எடுத்தது.

ராஜப்பா முன்னால் நடக்க, அது அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. கூட்டம் வழிவிட்டது. லைனுக்குள் நான் ஓடி நுழைந்தபோது பாக்கியவதியின் வயிற்றுப் பிள்ளையைப் பிடித்துத் திருப்ப இன்னும் நேரம் இருந்தது. திருப்பினேன். பெண் குழந்தை. நீலமாய் வந்தாள், இரண்டு தட்டுத் தட்டியதும் லைனே அதிர அழுதாள்.

வெளியே வந்து சொன்னேன். ராஜப்பா பவுனிடம் போய், "கேட்டியா, பொண்ணாம்" என்றார்.

ஜூன் 30

டாக்டர் துரை தம் குதிரையில் கூடவே வந்து பார்த்தார். ஷாஃப்டைத் தாண்டினோம், கைமணி இல்லாமல். வாயால் சொன்னால் போதும் இப்போது. துரை இங்கிலீஷில் "வெல்" என்று தலையை ஆட்டினார். தோட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை. உன் அத்தான் இரவு சாப்பாட்டில் இதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஜூலை 8

நோட்டை அனுப்பத் தாமதமாகிவிட்டது. எல்லாம் ராஜப்பாவால். டாக்டர் துரையின் சவாரிக் குதிரை ஆளைக் கடிக்கிறது. இதுவரை இரண்டு குதிரைக்காரர்கள் ஓடிப்போனார்கள். நேற்று துரை தாமாக லாயத்துக்கு வந்து, இதையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஐடா, கேட்டார்! நான் யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் ராஜப்பா முந்திக்கொண்டார்: "வுட்டுட்டுப் போங்க தொர. ஒரு மாசம். லாயத்துல யாரும் கொம்பு எடுத்தா மட்டும் எனக்குக் கோவம் வரும்."

துரை போன பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "கடிக்கிறதுக்கு இன்னா பண்ணணும் டாக்டரம்மா?" என்கிறார். இன்று காலை அவர் சட்டையின் கை போயிற்று. கை மிச்சம். சிரித்துக்கொண்டே காட்டுகிறார்.

பெங்களூரில் உன் வீட்டுக்கு எதிரேதானே குதிரைப் பட்டாளத்து லாயம்? கடிக்கிற குதிரையை அடிக்காமல் எப்படிப் பழக்குகிறார்கள் என்று அங்கே யாரிடமாவது விசாரி. இதைப் படித்த கையோடு, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.