அப்பா மேஜை எலும்பு

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே, இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் கேட்டதும் உன் அப்பா ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு எதைப் பேசுவது.

முதலில் உன் சாப்பாட்டு விஷயம். மத்தியானத்துக்கு வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளுகிறேன் என்றாயே, கறிக்கடையில் எலும்பு கேட்டு வாங்கு, கறி விலையில் கால்வாசிகூட ஆகாது. கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு அடுப்பில் ஏற்று, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, அது அழுக்கு. அப்புறம் புதுத் தண்ணீர், வெங்காயம், மிளகு, ரெண்டு சொட்டு வினிகர், தீயைச் சின்னதாக வைத்துவிட்டு உன் வேலையைப் பார். ஆறினதும் மேலே கட்டி நிற்கிற கொழுப்பை எடுத்து வை, மறுநாள் உருளைக்கிழங்கு வதக்க எண்ணெய் மிச்சம். எலும்பைத் தூக்கிப் போட்டுவிடாதே, பருப்போடு இன்னொரு தடவை போட்டால் இன்னொரு நாள் ஓடும். உன் தங்கைக்கு நல்லியைத் தட்டில் தட்டி உறிஞ்சாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை, கீழ்வீட்டுக்காரர்கள் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வாடகை ஏறினதிலிருந்து நம் வீட்டில் கறி வாங்குவதே கிடையாது, அப்பா வேலை செய்கிற கறிக்கடையிலிருந்து வரும் எலும்புதான் வாரம் முழுக்க. உனக்குத்தான் தெரியுமே, அங்கே அவரவர் கறி வெட்டும் மேஜையில் விழும் எலும்பு அவரவருக்கு. உன் அப்பா மேஜை எலும்பை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவு வழித்து எடுத்திருப்பார். பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு துணுக்காவது விட்டு வைக்கக் கூடாதா என்று எத்தனை நாள் வைதிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சதையோடு வர ஆரம்பித்தது. மனுஷனுக்கு இப்போதாவது இரக்கம் வந்ததே என்று நினைத்தேன். சின்னவள், அப்பா இப்பதாம்மா நல்ல எலும்பா கொண்டு வர்றாரு என்று குதித்தாள். அப்புறம் ஒருநாள் ஒரு கைப்பிடிச் சதை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது, மூட்டைச் சுற்றிக் கத்தி தடவித் தடவிக் கண்ட இடத்தில் கீறியிருந்தது. அவர் கொஞ்ச நாளாக டம்ளருக்கு வெளியே தேநீர் ஊற்றுவதும் படியில் காலால் துழாவுவதும் ஏனென்று அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் கண் தெரியவில்லையடி. டாக்டரிடம் காட்டலாம் வாங்க என்றால், அது முதலாளி காதுக்குப் போனா அன்னிக்கே கத்தியைப் பிடுங்கிடுவான், நீ சும்மா இரு என்று எரிந்து விழுந்தார். நானும் சும்மா இருந்தேன். சட்டியில் கறி மிதந்ததே, அதுவும் ஒரு காரணம்தான், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

போன திங்கட்கிழமை வந்த எலும்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தது. கண் தேறிவிட்டதென்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. கழுவும்போதுதான் பார்த்தேன், மூட்டைக் கத்திநுனியால் திறக்காமல் வெட்டுக்கத்தியால் ஒரே போடாகப் போட்டுப் பிளந்திருந்தது. உன் அப்பா ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டார். அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் ரத்தக் கறை ஒன்றுகூட இல்லை, பினாயில் வாடைதான் அடித்தது. அவர் மேஜையில் வேறு ஒருத்தன் நிற்கிறான், இவர் தரை கழுவுகிறார், அவன்தான் பாவம் பார்த்து எலும்பைக் கொடுத்து அனுப்புகிறான். ஆனாலும் இவர் தினமும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போகிறார், வந்ததும் உட்கார்ந்து தீட்டவும் தீட்டுகிறார். எலும்பு நல்லா சுத்தமா இருக்கே என்று சொல்லிப் பார்த்தேன். ம் என்றுவிட்டு சூப்பைக் குடித்தார். சின்னவள் இருந்தாளே என்று நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

எப்படியாவது லீவு சொல்லிவிட்டு வா. கத்தி வேலைதான் போய்விட்டது, கண்ணாவது மிஞ்சட்டும். கடைப் பேச்சை மட்டும் எடுக்காதே. எனக்குத்தான் கண்ணைக் காட்டணும், துணைக்கு வாங்கப்பா என்று கூப்பிடு, நீ கூப்பிட்டால் வருவார். வயிறார சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு என் தங்கமே.

இதை அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன இவ்வளவு நேரமா எழுதுற என்று இப்போது கேட்டார். எலும்பு வேக வைக்கிற பக்குவம் என்றேன். முதல் தண்ணியைக் கொட்டச் சொன்னியா, கொடு பார்ப்போம் என்று கையை நீட்டினார். இந்தத் தாளைத்தான் கொடுத்தேன். முகத்துக்குக் கிட்டே வைத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க, அனுப்பு என்று திருப்பிக் கொடுத்தார்.

சீக்கிரம் வா.

உன் அம்மா