பெயருக்கு மேலே ஒரு வரி

இன்று காலை அச்சகத்திலிருந்து புதுப் படிவங்கள் வந்தன. மை வாசனை போகாத கட்டைப் பிரித்ததும் முதல் வரியைத்தான் பார்த்தேன்: 'குழந்தை பிறந்த நேரம்'. தாயின் பெயர் அதற்குக் கீழே. வெளியூர்களிலிருந்து நம் பச்சிளங்குழந்தை வார்டுக்கு வரும் குழந்தைகளோடு இனி இந்தத் தாள்தான் வரும். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து உன் பிடிவாதம் அச்சேறியிருக்கிறது, பார்த்துக்கொள்.

ஒன்றாகப் படித்து, புத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஒரே வார்டில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள் நாம். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கினால் மூளைச் சேதம் குறையும் என்று வகுப்பெடுத்தார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். நீயோ மறுநாளிலிருந்து போனை எடுத்தாலே, "பேரு அப்புறம் சொல்லுங்க, பொறந்த நேரம் என்ன?" என்று ஆரம்பித்தாய். வணக்கம்கூடச் சொல்வதில்லை என்று உன்மேல் புகார் வந்தது.

அந்த வைகுண்ட ஏகாதசி நினைவிருக்கிறதா? ஸ்ரீரங்கத்துக்காரியான நீ வருடம் தவறாமல் லீவு போடும் நாள். ஆள் இல்லையென்று அன்று வந்திருந்தாய். முசிறியிலிருந்து போன். குழந்தையின் எடை, அப்பாவின் வேலை எல்லாம் சொன்னார்கள். நேரத்தை நீ கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நான்கு மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நீ முசிறி ஆம்புலன்ஸ் டிரைவரைப் போனில் கூப்பிட்டாய்.

"ஸ்ரீரங்கம் பக்கம் வராதீங்கண்ணே, பாலத்துல கூட்டம் நகராது. முசிறியிலயே ஆத்தைத் தாண்டி குளித்தலை வழியா வாங்க."

கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். குளிர்விக்கத் தொடங்கிய பிறகு, சில்லிட்ட அந்தப் பிஞ்சுக் கையைத் தொட்டதும் மனசு கேட்காமல் நான்தான் துண்டை எடுத்தேன். "வைடி அதை. இந்தக் குளிர்தான் அவளுக்கு மருந்து" என்றாய். கம்பளியோடு ஓடிவந்த அப்பாவிடம் மட்டும் பொறுமையாகப் பேசினாய். "மூணு நாள் பொறுங்க. அப்புறம் மெதுவா சூடேத்துவோம். அப்ப இதையே போத்தலாம்."

அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் வந்தவள் நம் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடி வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குளிர்வித்தும் தேறாத குழந்தைகளையும் நான் மறக்கவில்லை. அவர்களுக்காகத்தான் குளிரோடு சேர்த்துக் கொடுக்க மருந்து தேடுகிறார்கள், ஸ்டெம் செல் ஆராய்ச்சி என்கிறார்கள். டாக்டர் அதைப் பேசும்போதெல்லாம் எனக்கு உன் குரல் கேட்கிறது: "எல்லாம் வரட்டும். குழந்தை நேரத்துக்கு வரணுமே."

மதியம் துறையூரிலிருந்து போன். நான் வாயைத் திறப்பதற்குள், இதுவரை பார்த்திராத ஒரு நர்ஸ் சொன்னாள்: "சிஸ்டர், பொறந்தது பதினொன்னே கால்."

சுவரில் மணி பன்னிரண்டரை. "உடனே கிளம்புங்க" என்றேன். வணக்கம் நானும் சொல்லவில்லை. படிவக் கட்டு இன்னும் எந்த ஊருக்கும் போகாமல் என் மேசையில்தான் இருந்தது. லீவு நாட்களில் நீ பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் துறையூரும் ஒன்று.