பின்சக்கரத்தில் நின்ற காற்று

அடித்த கையாலேயே எனக்குத் தலைவாரிவிட்ட என் நைனாவுக்கு,

பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். சித்தப்பா கடப்பாரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வாசலில் படுத்திருக்கிறார். முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போகிறார், உன் டாக்ஸிக்குப் புதுப் பிரேக் பைப் வளைத்துக் கொடுத்த மெக்கானிக் ரத்தினத்தைத் தேடி. நேற்று ரத்தினம் இல்லாததால் அவர் தம்பியின் பல்லை உடைத்துவிட்டு வந்தார். சட்டையில் தெறித்த ரத்தத்தை நான்தான் துவைத்தேன். கறை போகவில்லை.

"எங்கண்ணனக் கொன்னுட்டு எங்க ஓடுவான்? ரெண்டு கையும் இருக்காது அவனுக்கு" என்று சாப்பிடும்போது சொன்னார். அம்மா ரசம் ஊற்றினாள்.

நைனா, சித்தப்பா நினைப்பதுபோல் அந்தப் பைப் வெடிக்கவில்லை. மலைப்பாதையில் நம் டாக்ஸி கவிழ்ந்து கிடந்தபோது, உன்னைப் பார்க்கப் பயந்து சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பைப் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை.

அன்று காலை நம் வீட்டுவாசலில் நீ வண்டிக்கடியில் கிடந்தாய். நான் பிரேக் பெடலில் கால் வைத்துச் சீட்டு நுனியில் இருந்தேன். "மிதி. புடிச்சிக்கினே இரு" என்றாய். பின்சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்தால் ஆயிலோடு காற்றும் குமிழியாக வெளியேறும். நீ அதை மூடி "வுடு" என்ற பிறகுதான் நான் காலை எடுக்கவேண்டும். முன்னால் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், பெடல் மெத்தென்று இறங்கும், பிரேக் பிடிக்காது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்!

"இன்னும் மெத்துனு கீது நைனா" என்றேன். திட்டினாய். மறுபடியும் அதையே சொன்னேன். வெளியே வந்து ஸ்பேனரால் என் முழங்காலில் அடித்தாய்.

"சவாரி நின்னுகினு கீது, உனக்கு மெத்துங்குதா? எருமை! மிதிடி!"

அடுத்த முறை வலியில் கால் நழுவிவிட்டது. நீ மூடுவதற்கு முன்பே. நீ கவனிக்கவில்லை.

"பெடல் நின்னுச்சா?"

பெடல் பாதிக்குமேல் இறங்கியது. உன் கையில் ஸ்பேனர் இருந்தது.

"ஆங் நைனா. கல்லு மாதிரி கீது."

நீயே ஒருமுறை மிதித்துப் பார்த்திருக்கலாமே. ஏன் என்னை நம்பினாய்? தெருமுனையில் இரண்டு மூன்று முறை மிதித்துத்தான் வண்டியை நிறுத்தினாய். பார்த்துக்கொண்டே நின்றேன். முழங்கால் வீங்கியிருந்ததால் ஓடிவரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படி இல்லை. நீ மறுபடி அடிப்பாய் என்றுதான் வரவில்லை.

மலை ஏறும்போது பிரேக் தேவைப்பட்டிருக்காது. சவாரியைக் கோயிலில் இறக்கிவிட்டு நீ தனியாகத்தான் இறங்கினாய். எத்தனை முறை மிதித்தாய்? அப்போது என்னைத் திட்டினாயா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ என்னை அடிக்காமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாய். இதை எழுதும்போதே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், நீ பின்னால் நிற்கிறாற்போல.

விடியுமுன் சித்தப்பாவை எழுப்பப்போகிறேன். முழங்காலைக் காட்டி எல்லாவற்றையும் சொல்வேன். கடப்பாரை என் பக்கம் திரும்பலாம். திரும்பட்டும். மெத்தென்று இருப்பதைக் கல் என்று இனி எவருக்குப் பயந்தும் சொல்ல மாட்டேன், நைனா. இது உன்மேல் சத்தியம்.

பெடலில் கால் வைத்திருந்த
உன் மூத்த மகள்,
கஸ்தூரி